ஓட்டுக்கு அட்டையா? அட்டைக்கு ஓட்டா?

ஓட்டுச்சாவடிக்கு வருகிறவர்கள் தாங்கள் இன்னார்தான் என்பதற்கு அத்தாட்சி காட்டித்தான் ஆகவேண்டுமா என்பதைப் பற்றிச் சில காலமாக நமது நாட்டில் பெரிய வாதம் நடந்து வருகிறது. ஒரு சாரார், அட்டை கேட்பதே ஏழையை அவமதிப்பதாகும் என்கிறார்கள். மற்றொரு சாரார், ஒரு அட்டை போதாது, இன்னும் பத்துக் காகிதம் கேட்டாலும் தகும், கள்ள ஓட்டு ஒழிய வேண்டுமானால் இவற்றையெல்லாம் ஜனங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார்கள். நமக்கோ இவ்விரு சாராரிடமும் ஒப்புதல் இல்லை. அட்டையைக் காட்டு என்பது சுயமரியாதைக்கு விரோதமென்று நாம் கருதவில்லை. ஆனால் அட்டையைச் சாக்காக வைத்துக்கொண்டு, "ஓட்டுப் போட உனக்கு யோக்கியதை இருக்கிறதா, முதலில் அதை நிரூபி" என்று கேட்பதானது, நாம் நூறு வருஷ காலமாக எதிர்த்து வந்திருக்கிற பழைய பித்தலாட்டம் புது வேஷம் போட்டுக்கொண்டு வருவதேயாகும் என்பது நமது அபிப்பிராயம்.

காங்கேயத்தாருக்குச் சொல்லுவதென்றால் மாட்டை வைத்துச் சொன்னால்தான் சுலபத்தில் விளங்கும். இப்போது மாட்டுக்குக்கூட சர்க்கார் பன்னிரண்டு இலக்க நம்பர் போட்ட மஞ்சள் வில்லை ஒன்றைக் காதில் மாட்டுகிறது. அந்த வில்லைக்காக மாடு தாலூக்கா ஆபீசுக்குப் போய் வரிசையில் நிற்பதில்லை. கால்நடை டாக்டரோ அவருடைய ஆளோ தொழுவத்துக்கே வந்து, கோமாரி ஊசி போடும்போது வில்லையையும் மாட்டிவிட்டு, காலணா வாங்காமல் போகிறார். "உன் தாய்ப்பசு 2002-ம் வருஷத்தில் எந்தத் தொழுவத்தில் கட்டியிருந்தது? அதற்கு அத்தாட்சி என்ன?" என்று காளையைப் பார்த்து எவரும் கேட்பதில்லை. கண்ணபுரத்துத் தாவணியில் சுழி பார்த்து மாடு வாங்குகிற மூடத்தனம் நம்மவர்களிடம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அதற்குள் மனிதனுக்கும் சுழி பார்க்கத் துவங்கிவிட்டார்களே என்பதுதான் நமது வருத்தம்.

இது நிற்க. அட்டையே வேண்டாம் என்று சொல்லுகிற தோழர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டை வருமுன் ஓட்டரை எப்படி அடையாளம் கண்டார்கள்? சாவடி அதிகாரி தமக்கு உதவியாக, ஊர் ஆட்களை அடையாளம் காட்டக்கூடியவர் யாரையேனும் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. கிராமத்தில் எல்லா ஆட்களையும் தெரிந்தவர் யார்? மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும்தான். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம உத்தியோகம் ஒழிக்கப்பட்டதே 1980-ல்தான். அதுவரை பண்ணையத்தில் இருந்தவன் சாவடிக்குள் நுழைந்தால், "இவன் இன்னார் தோட்டத்து ஆள்தானுங்க" என்று இன்னொருவர் வாய் திறந்து சொன்னால்தான் அவன் மனிதனாகக் கணக்கில் வருவான். "ஆள்" என்ற அந்த ஒரு சொல்லில் எவ்வளவு அடிமைத்தனம் அடங்கியிருக்கிறது என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அன்றியும், சாவடியில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜண்டு ஒருவர் இரண்டே ரூபாயைக் கட்டிவிட்டு, "இவன் அவனல்ல" என்று ஆட்சேபம் சொல்லலாம் என்கிற விதியும் இருக்கிறது. எதிரே நிற்பவன் கையில் அட்டை இல்லையானால், அவனுக்காகச் சாட்சி சொல்ல ஊர்ப் பெரியதனக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். அட்டை இருந்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே 1993-ல் தேர்தல் கமிஷனர் சேஷன், படம் போட்ட அட்டை கொடுத்தே ஆகவேண்டுமென்று உத்தரவு போட்டதையும், 1995-க்குள் கொடுக்காவிட்டால் தேர்தலே நடத்த மாட்டேன் என்று மிரட்டியதையும் பற்றி யார் என்ன சொன்னாலும், அந்த அட்டையால் அதிகப் பலன் அடைந்தவன் ஊரில் செல்வாக்கு இல்லாதவனே என்று நாம் தைரியமாய்ச் சொல்லுவோம். வளவில் குடியிருக்கிறவனுக்கும் ஊர் நடுவில் மாடி வீட்டில் இருக்கிறவனுக்கும் ஒரே அளவு அட்டை, ஒரே அளவு படம். இந்த நாட்டில் இவ்விருவருக்கும் ஒரே அளவாய்க் கிடைத்த சாமான்கள் மிகக் கொஞ்சம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த அட்டை சர்க்கார் தானாக வந்து படம் பிடித்துக் கொடுத்த அட்டை. அது கைவசம் இல்லாவிட்டாலும் வேறு வழி உண்டு. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் ஆதார், பாங்குப் புஸ்தகம், நூறு நாள் வேலை அட்டை, டிரைவிங் லைசென்சு முதலிய பன்னிரண்டில் ஏதாவது ஒன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்று கமிஷன் சொல்லிற்று. நம் நாட்டு ஏழைக் குடும்பம் வேறு எதைத் தொலைத்தாலும் தொலைக்காமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்துகிற ரேஷன் கார்டு மட்டும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. அதில் குடும்பத் தலைவர் படம் மட்டுந்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் தலைவருக்காவது அது செல்ல வேண்டுமல்லவா? இங்கிலாந்திலும் இதே கூத்துத்தான். அங்கே 2023 மே மாதத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்கு முதன்முதலாகப் படம் போட்ட அத்தாட்சி கேட்டார்கள். கிழவர்களின் பஸ் பாஸ் செல்லும், வாலிபர்களின் ரயில் கார்டு செல்லாது என்றார்கள். சுமார் 14,000 பேர் சாவடி வரை வந்து திருப்பியனுப்பப்பட்டு, பிறகு வரவேயில்லை.

ஆனால் அசல் சூழ்ச்சி சாவடி வாசலில் இல்லை. அட்டையை எவ்வளவு பத்திரமாய் வைத்திருந்தாலும் ஓட்டர் ஜாப்தாவில் பெயர் இல்லையானால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். ஆகவே ஓட்டைப் பறிக்க நினைக்கிறவன் வாசலில் நின்று தடுக்க வேண்டியதில்லை. அது நாலு பேர் பார்க்கிற காரியம். ஜாப்தாவில் ஒரு கோடு கிழித்தால் போதும். அதை யாரும் பார்ப்பதில்லை.

2025 ஜூன் 24-ல் பீகாரில் ஜாப்தாவைப் புதிதாய்த் தயாரிக்கப் போவதாகக் கமிஷன் அறிவித்தபோது எந்தெந்தக் காகிதத்தைக் கேட்டது என்பதைச் சற்றுப் பாருங்கள். பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பத்தாவது பாஸ் செய்த சர்ட்டிபிகேட், நிலமோ வீடோ சர்க்கார் ஒதுக்கிக் கொடுத்த பத்திரம், சர்க்கார் உத்தியோகம் அல்லது பென்ஷன் காகிதம், ஜாதிச் சான்று என்று பதினொன்று. ஆதார் செல்லாது, ரேஷன் கார்டு செல்லாது, கமிஷனே அச்சடித்துக் கொடுத்த ஓட்டர் அட்டையும் செல்லாது! தன் கையெழுத்தைத் தானே இல்லையென்கிற கடன்காரனைக் கோர்ட்டில் பார்த்திருக்கிறோம். ஒரு தேர்தல் கமிஷனை அப்படிப் பார்த்தது இதுவே முதல். 65 லட்சம் பெயர்கள் விடுபட்டு ஆகஸ்டு 1-ல் வரைவு ஜாப்தா வந்தது. யார் பெயர், என்ன காரணத்தால் விடுபட்டது என்று வெளியிடும்படி ஆகஸ்டு 14-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. ஆதாரைப் பன்னிரண்டாவது காகிதமாகச் சேர்க்கும்படி செப்டம்பர் 8-ல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

படிப்பு, சொத்து, உத்தியோகம் ஆகிய இந்த மூன்றையும் நமது தாத்தாக்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். 1920-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது மாகாணத்து ஜனத்தொகை நாலு கோடிக்கு மேல். ஓட்டர்களோ சுமார் 12.5 லட்சம். நிலத்தீர்வையோ, முனிசிபல் வரியோ, வருமான வரியோ கட்டியவனுக்குத்தான் ஓட்டு. 1935-ம் வருஷத்துச் சட்டத்தில் கொஞ்சம் தளர்த்தி, எழுதப்படிக்கத் தெரிந்தவனையும் சேர்த்துக்கொண்டார்கள். தோட்டத்தில் ஏற்றம் இறைத்தவனுக்கும், களத்தில் நெல் தூற்றினவளுக்கும் அப்போதும் இடமில்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று 1950-ல் அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவு வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. முன் வாசல் வழியாக வெளியே போன சொத்தும் படிப்பும் இப்போது புழக்கடை வழியாகக் காகித உருவத்தில் உள்ளே வருகின்றன. "உனக்கு நிலமிருந்தால்தான் ஓட்டு" என்று சொன்னால் ஜனங்கள் கல்லெடுப்பார்கள். "உனக்கு நிலப் பத்திரமிருந்தால் காட்டு" என்று சொன்னால் கும்பிட்டுக்கொண்டு தேடுவார்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசமானது. 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு ஜாப்தா எழுதப் போனபோது, வட நாட்டில் சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றுதான் எழுதச் சொன்னார்கள். கமிஷனர் சுகுமார் சென் அவர்கள், சொந்தப் பெயர் இல்லாமல் ஜாப்தாவில் இடமில்லை என்று அவ்வளவு பேரையும் நீக்கிவிட்டார். அவர் செய்தது சரியென்று அநேகர் சொல்லுவார்கள். பெண்ணுக்குச் சொந்தப் பெயர் வேண்டுமென்பதில் நமக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? ஆனால் அவளுக்குப் பெயரில்லாமல் செய்தவன் புருஷன். தண்டனை அடைந்தது அவள். புருஷனுடைய ஓட்டை யாரும் பிடுங்கவில்லை.

அந்தக் கதை இப்போது வேறு உருவத்தில் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்திருக்கிறது. 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் நடந்த திருத்தத்தில், 2002 அல்லது 2005-ம் வருஷத்து ஜாப்தாவில் உன் பெயரோ, உன் தாய் தந்தையர் பெயரோ எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ஆணுக்கு அது அதே ஊரில், பல சமயம் அதே வீதியில் கிடைத்துவிடும். பெண்ணுக்கோ? தாராபுரத்துப் பக்கம் பிறந்து காங்கேயத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், தகப்பனார் பெயரைத் தேடிப் பிறந்த ஊர்ப் பாகத்து ஜாப்தாவைப் புரட்ட வேண்டும். அவர் அதற்கு முன்பே செத்திருந்தால் தாயார் பெயரைத் தேட வேண்டும். அந்தத் தாயார் பெயர் ஒன்றில் பழனியாத்தாள், மற்றொன்றில் பழனியாயி, ஆதாரில் பழனியம்மாள் என்றிருக்கும். நம் கொங்கு நாட்டில் ஒரு கிழவிக்கு இந்த மூன்றும் ஒரே பெயர் என்பது குழந்தைக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நிலப் பத்திரத்தைக் காட்டலாமே என்றால், எத்தனை பெண்கள் பெயரில் பட்டா இருக்கிறது? பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். அது இந்த மாகாணத்தில் சட்டமானது 1989-ல். சட்டம் பட்டாவாக இன்னும் எத்தனை வருஷமோ!

"உன் தகப்பன் அப்போது ஜாப்தாவில் இருந்தானா?" என்று கேட்பது நம்மவர் கண்டுபிடிப்பென்று யாரும் பெருமைப்பட வேண்டாம். அமெரிக்காவில் நீக்ரோ அடிமைகள் விடுதலையான பிறகு, தென் ராஜ்யங்களில் படிப்புப் பரீட்சையும் சொத்து நிபந்தனையும் வைத்தார்கள். ஏழை வெள்ளைக்காரனும் அதில் மாட்டிக்கொள்வானே என்று, 1867-க்கு முன் எவனுடைய தகப்பனோ பாட்டனோ ஓட்டுப் போட்டிருந்தானோ அவனுக்குப் பரீட்சை இல்லை என்று 1898-ல் லூயிசியானாவில் ஒரு விதி செய்தார்கள். அடிமையின் பேரன் எந்தப் பாட்டனைக் காட்டுவான்? அங்கே நிறத்தை வைத்துச் செய்தார்கள். இங்கே யாரும் ஜாதியை வைத்து விதி எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் படிவம் வாங்கும்போது காகிதம் எதையும் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பரம்பரையைக் காட்டினவனுக்குச் சுலபம், காட்டாதவனுக்குக் கஷ்டம் என்கிற ஏற்பாட்டில், பரம்பரையாக ஓரிடத்தில் நிலைத்திருக்க நிலம் உள்ளவன் எந்த வரிசையில் நிற்பான், மற்றவன் எந்த வரிசையில் நிற்பான் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

2025 டிசம்பர் 19-ல் வரைவு ஜாப்தா வெளியாயிற்று. 6.41 கோடியாக இருந்த ஓட்டர்கள் 5.43 கோடி ஆனார்கள். 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் போயின. அதாவது நூற்றுக்குப் பதினைந்து. இதில் செத்தவர்கள் சுமார் 27 லட்சம். அவர்களை நீக்கியதில் நமக்கு ஆட்சேபணை சிறிதுமில்லை. செத்தவன் செத்தவன்தான் என்பது நமது கொள்கை. வருஷா வருஷம் திதி கொடுத்து, செத்தவன் வந்து எள்ளும் தண்ணீரும் சாப்பிட்டுப் போகிறான் என்று நம்புகிறவர்கள்தான், அவன் ஓட்டும் போட்டுவிட்டுப் போவானோ என்று பயப்பட வேண்டும். இரண்டு இடத்தில் பதிவானவர்கள் சுமார் 3.4 லட்சம். அதையும் நீக்கட்டும். ஆனால் பெயர் இரண்டிடத்தில் இருப்பது வேறு, ஓட்டு இரண்டு முறை போடுவது வேறு. இரண்டாம் முறை போடாமல் தடுக்கத்தானே 1962 முதல் மைசூர் மையை விரலில் தடவுகிறார்கள்?

மீதியிலே தொகை பெரியது 66 லட்சத்துக்கு மேல். இவர்கள் இடம் மாறினவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள் என்று சொல்லப்பட்டது. யார் இடம் மாறுகிறவர்கள்? ஐம்பது ஏக்கர் தென்னந்தோப்பு உள்ளவர் இடம் மாறுவதில்லை. அரிசி ஆலை முதலாளி இடம் மாறுவதில்லை. தேங்காய்க் களத்தில் பருப்புக் காயப்போடுகிறவனும், வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவனும், தோட்டத்துச் சாளையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு முதலாளி போகச் சொன்னால் போகிறவனும்தான் மாறுகிறவர்கள். ஜாப்தா எழுத வந்த அங்கன்வாடி அம்மையாரும் வாத்தியாரும் தங்கள் சொந்த வேலையையும் பார்த்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார்கள். அவர்கள்மீது நமக்குக் குறையில்லை. ஆனால் அவர்கள் மூன்று தரம் வந்தாலும் விடியற்காலை மில்லுக்குப் போய் இருட்டின பிறகு வருகிறவன் வீட்டில் பூட்டைத்தான் பார்ப்பார்கள். பூட்டுக்குள் குடியிருக்கிறவன் "காணப்படாதவன்" ஆகிவிடுகிறான்.

நமது சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்றிருக்கிறது. யாரோ ஒருவருக்குக் கனவில் ஒரு சாமான் தோன்றிற்று என்றால், சந்நிதியில் பூக்கேட்டு, அந்தச் சாமானைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூசை போடுகிறார்கள். கண்ட கனவுக்குச் சாட்சி கனவு கண்டவனுடைய வாய்ச்சொல்லும் ஒரு பூவும் போதும். கண்ணெதிரே உயிரோடு நின்று "நான்தானுங்க" என்கிற பெண்பிள்ளைக்கு மட்டும் பத்துக் காகிதம் வேண்டும்!

இனி நம்மவர்களுக்கே சற்றுக் கசப்பான ஒரு விஷயம். காங்கேயத்து அரிசி ஆலைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பீகார், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். "வடக்கத்தியான் பெயர் நம்ம ஜாப்தாவில் ஏறிவிடும்" என்று நம் தோழர்கள் சிலரே கூச்சல் போடுவதைக் கேட்டிருக்கிறோம். இது சுயமரியாதைக்காரன் பேசுகிற பேச்சல்ல. ஒரு மனிதன் எங்கே சாதாரணமாகக் குடியிருக்கிறானோ அங்கே ஓட்டு என்பது சட்டம். இங்கே மூட்டை சுமந்து, வாடகை கொடுத்து, பிள்ளையை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறவன் எங்கே குடியிருக்கிறான்? அவனுடைய சொந்த ஊரில் "இடம் மாறிவிட்டான்" என்று பெயரை அடிக்கிறார்கள். இங்கே "வந்தேறி" என்று சேர்க்க மறுத்தால் அவன் எந்த நாட்டுப் பிரஜை? இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் தமிழர்களை 1948-ல் இதே மாதிரி காகிதம் கேட்டுத்தான் குடியுரிமை இல்லாதவர்களாக்கினார்கள். தகப்பனும் பாட்டனும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். அதைக் கேட்டு நமக்குக் கோபம் வந்தது நியாயமென்றால், பீகார்க்காரனுக்கும் அதே நியாயந்தான். ஒருவனுக்கு ஒரு ஓட்டு, அது அவன் இருக்கிற இடத்தில். இரண்டு ஊரிலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை அவனிடம் கண்டிப்பாய்ச் சொல்லுங்கள். ஒரு ஊரிலும் இல்லாமல் செய்யாதீர்கள்.

கள்ள ஓட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் நல்ல ஓட்டின் விலையைப் பற்றிக் கொஞ்சமாவது கவலைப்பட்டார்களா? 2016 மே மாதத்தில் நமக்குப் பக்கத்து அரவக்குறிச்சியில் தேர்தலையே நிறுத்தினார்கள். தஞ்சாவூரிலும் நிறுத்தினார்கள். ஆள்மாறாட்டத்துக்காகவா? இல்லை. பணம் கொடுத்ததற்காக. பணம் வாங்கினவர்கள் அத்தனை பேரிடமும் அசல் அட்டை இருந்தது. அசல் முகம், அசல் பெயர், ஓட்டு மாத்திரம் விற்பனைக்கு. தாவணியில் மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல நடக்கிற அந்த வியாபாரத்தை எந்த அட்டையும் பிடிக்காது. இதில் திராவிடத்தின் பெயரைச் சொல்லுகிற கட்சிகளையும் நாம் தள்ளிவைத்துப் பேசவில்லை.

ஆகவே நாம் கேட்பது என்ன? சாவடியில் அட்டை காட்டச் சொல்லட்டும். அந்த அட்டையை, காளைக்கு வில்லை மாட்டுகிறதுபோல், வீடு தேடி வந்து இனாமாகக் கொடுக்கட்டும். ஜாப்தாவில் ஒரு தரம் ஏறின பெயரை அடிக்க வேண்டுமானால், அடிக்க வேண்டிய காரணத்தை நிரூபிக்கிற பாரம் அடிக்கிறவன் தலையில் இருக்கட்டும். இது நமது சொந்தச் சரக்கல்ல. 1995-ல் லால் பாபு உசேன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, முன்பே ஜாப்தாவில் இருப்பவனை நீக்குவதானால் அவனுக்கு விஷயத்தைத் தெரிவித்து, அவன் சொல்வதைக் கேட்காமல் நீக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. இன்னுமொன்று. தன் ஓட்டை வேறொருவன் போட்டுவிட்டான் என்று சாவடியில் தெரிந்தால் 49-பி விதிப்படி தனிச்சீட்டு வாங்கிப் போடலாம். 2018-ல் ஒரு சினிமாப் படம் வந்த பிறகுதான் நம் ஜனங்களில் பலருக்கு இது தெரிந்தது. அந்தச் சீட்டும் கவரில் போய்த் தூங்குமே தவிர, கோர்ட்டு உத்தரவில்லாமல் எண்ணப்படாது. அது எப்படியானாலும், ஓட்டைத் திருட்டுக் கொடுத்தவனுக்கு ஒரு சீட்டாவது உண்டு. காரணமில்லாமல் பெயர் அடிபட்டவனுக்கு அதுகூட இல்லை. அட்டையும் பழைய ஜாப்தாவும் கையில் உள்ளவனுக்கு அன்றைக்கே அப்படி ஒரு சீட்டுக் கொடுத்து, விசாரித்து எண்ணினால் என்ன குடி முழுகிவிடும்?

சர்க்கார் கொடுக்கிறபோது கொடுக்கட்டும். அதுவரையில் காங்கேயத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காதுகுத்து, கிடாவெட்டு என்று போய் உட்கார்ந்திருப்பதை விட்டு, உங்கள் பாகத்து ஜாப்தாவைக் கையில் எடுத்துக்கொண்டு வளவு வளவாகப் போங்கள். களத்தடிக்கும் மில் வாசலுக்கும் இருட்டின பிறகு போங்கள். பெயர்களை உரக்கப் படித்துக்காட்டுங்கள். விடுபட்டவர்களுக்கு 6-ம் நம்பர் படிவத்தை எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, பெண்களின் பெயரை அவர்கள் சொல்லுகிறபடியே எழுதி, ஆபீசில் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். ரசீது வாங்காமல் ஊர் திரும்ப வேண்டாம்.